இருட்டறையிலிருந்து கணினித் திரைக்கு: படச் சொற்கள் நடந்து வந்த வழி

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, தோட்ட வரலாறு எழுதுவதா, மொழிச் சிறுபான்மையோர் நிலைமை பற்றி எழுதுவதா என்று யோசித்தேன். இரண்டையும் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனவே நான் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு போட்டோவிலிருந்து தொடங்குகிறேன்.

படத்தில் இருப்பவர் என் அப்பத்தா. 1962-இல், வீரபாண்டித் திருவிழாவுக்காக ஏலப்பாறையிலிருந்து மலை இறங்கிப் போனபோது கம்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஏழு வயசுப் பையனாக என் அப்பா. அப்பத்தாவின் காதுகள் தோள்வரை தொங்க, அதில் தண்டட்டி. தெற்கே இதைப் பாம்படம் என்பார்கள். பீருமேட்டு மலைக்குக் கங்காணியோடு வந்த எத்தனையோ குடும்பங்களைப் போல எங்களுக்கும் பட்டா கிடையாது, பழைய பத்திரம் கிடையாது. லயத்து வீடு கம்பெனி வீடு. நாங்கள் இன்னார் என்று சொல்ல அந்தப் படம் ஒன்றுதான் இருந்தது.

ஏலப்பாறை மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனியில் பிடித்தால் ஆவணி வரை சுவரெல்லாம் வேர்க்கும். படத்தில் பூஞ்சை ஏறிவிட்டது. 2006-இல் அதைச் சரிபண்ண ஒரு கடையில் கொடுத்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. நாலு நாள் கழித்துப் பளபளவென்று ஒரு படம் கையில் வந்தது. அப்பத்தா வெள்ளை வெளேர் என்று இருந்தார். பின்னால் நீலத் திரை. காது? சாதாரணக் காது! தொங்கிய காதைப் படத்தில் வந்த சேதம் என்று நினைத்து 'ஹீல்' பண்ணி எடுத்துவிட்டார்கள். தண்டட்டி போயே போச்சு. கேட்டபோது, "நிங்ஙள் ஒந்நும் பறஞ்ஞில்லல்லோ சேட்டா" என்றார் அந்தப் பையன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சொற்களே என்னிடம் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்தச் சொற்களின் கதையைத் தேட ஆரம்பித்தேன்.

படத்தில் கைவைப்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த பழக்கம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. தமிழ்நாட்டில் எடுத்த மிகப் பழைய படங்களிலேயே அது இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன், 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பெற்றார். சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். 1857 டிசம்பரில் புறப்பட்டு 1858 வரை திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் பார்ப்பவரை நிறுத்திவைக்கும்.

அன்றைக்கு பிலிம் கிடையாது. மெழுகு ஊட்டிய காகிதம்தான் நெகட்டிவ். அந்தக் காகிதத்துக்கு நீல ஒளி என்றால் பேராசை; வானம் முழுக்க ஒரே வெள்ளையாகப் போய்விடும். வெளிச்சம் ஏற நெடுநேரம் பிடிக்கும் என்பதால், காற்றில் ஆடும் மர இலைகள் எல்லாம் கலங்கிவிடும். டிரைப் என்ன செய்தார்? தூரிகையை எடுத்து நெகட்டிவின் மேலேயே மேகம் வரைந்தார், இலைகளுக்கு உருவம் கொடுத்தார். மதுரை வானத்தில் அவர் படத்தில் மிதக்கும் மேகங்கள் சில அன்று மதுரையில் இருந்தவையே அல்ல. அதே மனிதர், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று செல்போனைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி 'பனோரமா' எடுக்கிறோமே, அதன் பெரிய பாட்டன் இதுதான். அந்த நீளப் படத்தில் எழுத்து ஒவ்வொன்றும் கல்லில் உள்ளபடியே வரவேண்டும் என்பது நோக்கம்.

ஆக, ஒரே ஆள், ஒரே பயணம். வானத்தில் மேகத்தைச் சேர்த்தார். கல்வெட்டை உள்ளது உள்ளபடி கொடுக்கப் பாடுபட்டார். எதை அழகுக்காகத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற கேள்வி 1858-லேயே தஞ்சாவூரில் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1860-இல் மாகாண அரசு, இதெல்லாம் வீண் செலவு என்று அந்தப் பணியையே நிறுத்திவிட்டது. அரசாங்கக் கணக்குகள் எந்தக் காலத்திலும் அப்படித்தான்!

இனிச் சொற்களுக்கு வருவோம். 1839-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 'போட்டோகிராபி' என்ற சொல்லைப் பொதுமக்கள் முன் வைத்தார். கிரேக்க மொழியில் ஒளியால் எழுதுதல் என்று பொருள். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களையும் படத்துறைக்குக் கொண்டுவந்தவர் அவரே. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ உப்பின் குணத்தை 1819-லேயே கண்டவரும் அவர்தான். 'ஸ்னாப்ஷாட்' என்பது வேட்டைக்காரர் பேச்சு. குறிபார்க்காமல் சட்டென்று சுடுவது. அதையும் 1860-இல் படத்துக்கு இழுத்துவந்தார். ஆங்கிலேயன் படத்தைச் 'சுடுகிறான்'. நாம் போட்டோவை 'எடுக்கிறோம்', 'பிடிக்கிறோம்'. படப்பிடிப்பு என்று சினிமாக்காரர்கள் சொல்வதும் அந்தப் பிடிதான். இந்த ஒன்றில் நம் சொல் மென்மையானது.

தமிழில் இதற்கு மூன்று பெயர்கள் ஓடுகின்றன: நிழற்படம், புகைப்படம், ஒளிப்படம். புகை எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1887-இல் ஜெர்மனியில் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் போடும் முறை வந்தது; பொடி குப்பென்று எரிந்து அறை முழுக்கப் புகை மண்டும்; அதனால் வந்த பெயர் என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். பொடி போய், பல்பு போய், புகையும் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. நாம் வாழும் கேரளத்தில் 'சாயாக்கிரகணம்' என்கிறார்கள், அதாவது சாயையைக் கைக்கொள்வது. நம் நிழற்படமும் அந்த வழிதான். ஆனால் தமிழ்ச் சினிமாவில் 'ஒளிப்பதிவு' என்று போடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒளி, இந்தப் பக்கம் நிழல். ஏலப்பாறையில் இருப்பவர்களுக்கு இரண்டும் வேண்டியதுதான். மூடுபனி விலகினால் ஒளி, மூடினால் நிழல்.

ஸ்டுடியோக் காலத்துக்கு வருகிறேன். என் அப்பத்தா படத்தை எடுத்தது போன்ற சிறு ஸ்டுடியோக்கள் மதுரைப் பக்கத்து ஊர்களில் தெருவுக்குத் தெரு இருந்தன. உள்ளே ஓர் இருட்டறை, சிவப்பு விளக்கு, மூன்று தட்டு, தண்ணீர்த் தொட்டி. 'பிலிம் கழுவுறது', 'பிரிண்ட் போடுறது' என்பதெல்லாம் அங்கே பிறந்த பேச்சு. நம் நீலகிரியிலேயே, உதகமண்டலத்தில், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு ஆலை 1960-இல் தொடங்கப்பெற்று, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் காகிதமும் செய்தது. தொண்ணூறுகளில் நலிந்து பிறகு மூடப்பட்டும் விட்டது. நம் தாத்தா பாட்டிமார் படங்களில் எத்தனையோ அந்த 'இந்து' தாளில் உயிரோடு இருக்கின்றன.

அந்த ஸ்டுடியோக்களில் 'டச்சிங்' என்று ஒரு வேலை உண்டு. சாய்வான மேசையில் ஒரு கண்ணாடி, அடியிலிருந்து வெளிச்சம், மேலே நெகட்டிவ். டச்சிங் பார்ப்பவர் ஊசி போலச் சீவிய பென்சிலால் முகச் சுருக்கத்தின் மேல் மெல்ல மெல்லத் தொடுவார். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் வெளுப்பு வரும், சுருக்கம் மறையும். கறுப்பு வேண்டுமென்றால் சின்னக் கத்தியால் சுரண்டுவார். கறுப்பால் வெளுக்கவைக்கும் வித்தை! அம்மைத் தழும்பை மறைத்துக் கல்யாணப் பேச்சு நடத்திய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே முகத்தை மாற்றும் ஆசையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டுவது சரியில்லை. ஆனால் ஒன்று. டச்சிங்காரருக்கு எதிரே அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். என் அப்பத்தா முன்னால் யாரும் காதை மாற்றியிருக்க முடியாது. அவர் வாய் அப்படி!

டிஜிட்டல் என்பது, ஒளியை எண்ணாக மாற்றி வைப்பது. எண்ணிமம் என்றும் இலக்கமுறை என்றும் தமிழில் எழுதுகிறார்கள். 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் மூன்று மாதக் குழந்தையின் படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றினார். குறுக்கே 176, நெடுக்கே 176 புள்ளிகள், அவ்வளவுதான். இந்தப் புள்ளிக்கு 'பிக்சல்' என்ற பெயர் 1965-இல் அச்சில் வந்தது. தமிழில் படப்புள்ளி எனலாம். ஏலப்பாறையிலிருந்து எதிர் மலையைப் பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும். கிட்டே போனால் செடி செடியாக, நிரை நிரையாக, நடுவில் வழி. படமும் அப்படித்தான். பெரிதாக்கிப் பார்த்தால் பாய் கலைந்து செடி தெரியும். எத்தனை நெருக்கமாகச் செடி நட்டிருக்கிறது என்பதே 'ரெசல்யூஷன்', அதாவது பிரிதிறன்.

இதில் நம்மவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காகிதத்தில் நல்ல பிரிண்ட் வர, ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது பொதுக்கணக்கு. 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1800, அதாவது ஏறத்தாழ 22 லட்சம் புள்ளி. பழைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றரை அங்குலம்கூட அகலம் இருக்காது. அதை 300 கணக்கில் ஸ்கேன் பண்ணிவிட்டுச் சுவரளவு கேட்டால், இல்லாத புள்ளிகளைக் கணினி அக்கம்பக்கம் பார்த்து ஊகித்துத்தான் நிரப்பும். பாட்டியின் கண் மெழுகு பொம்மைக் கண் ஆவது அப்படித்தான். சிறிய படத்தை 600-க்குக் குறையாமல், கூடுமானால் 1200-இல் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள்.

1975-இல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. பத்தாயிரம் புள்ளிப் படம். பாட்டு கேட்கும் கேசட்டில் ஒரு படம் பதிய 23 விநாடி. பிலிம் விற்று வாழ்ந்த கோடாக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012-இல் திவால் மனுப் போட்டது.

கணினியில் படத்தைத் திருத்தும் போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வெளிவந்தது. எழுதியவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள். அவர்களுடைய தந்தையார் வீட்டு நிலவறையில் இருட்டறை வைத்திருந்தார். தாமஸ் சிறுவயதில் அங்கேதான் பிரிண்ட் போடப் பழகினார். இந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது, அந்த மென்பொருளில் உள்ள சொற்கள் பல ஏன் அப்படி இருக்கின்றன என்று. அவை இருட்டறைக் கைவேலையின் பெயர்கள்.

'டாட்ஜ்', 'பர்ன்' என்று இரண்டு உண்டு. டாட்ஜ் சின்னத்தில் குச்சியில் குத்திய வட்டம் இருக்கும். பர்ன் சின்னத்தில் குவித்த கை இருக்கும். பிரிண்ட் போடும்போது ஒரு முகம் கறுத்துப்போகும் என்று தெரிந்தால், கம்பியில் செருகிய அட்டை வட்டத்தை முகத்துக்கு நேரே ஆட்டி வெளிச்சத்தைத் தடுப்பார்கள். அந்த இடம் வெளுப்பாக வரும். வானம் வெளுத்துப்போனால், மற்ற இடத்தைக் கையால் மறைத்து வானத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டுவார்கள், கறுப்பு ஏறும். ஒளிதடுப்பு, ஒளியூட்டு என்று சொல்லலாம். டிரைப் மேகம் வரைந்த வானத்தை, பின்னால் வந்தவர்கள் கையை ஆட்டிக் காப்பாற்றினார்கள்.

'அன்ஷார்ப் மாஸ்க்' என்பது இன்னும் வேடிக்கை. பெயர் மங்கல், வேலை படத்தைக் கூர்மையாக்குவது. அந்தக் காலத்தில் நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே கலங்கலான ஒரு பாசிட்டிவ் எடுத்து, நெகட்டிவோடு சேர்த்துவைத்துப் பிரிண்ட் போடுவார்கள். கலங்கல் கழிந்து ஓரங்கள் எடுப்பாகத் தெரியும். மங்கலைக் கொண்டு மங்கலைக் கழிப்பது. பென்சில் கறுப்பால் வெளுக்கவைத்த டச்சிங்காரர் இதைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்.

'கிராப்' என்பதைச் செதுக்கல் என்கிறார்கள். நம் தோட்டத்தில் கவாத்து என்றால் எல்லாருக்கும் புரியும். ஆனால் கவாத்து வெட்டிய தேயிலை திரும்பத் துளிர்க்கும், வெட்டிய படம் துளிர்க்காது. ஓரத்தில் நிற்கும் தெரியாத ஆளை வெட்டிவிடுகிறோம்; பத்து வருஷம் கழித்து அவர்தான் காணாமல்போன சித்தப்பா என்று தெரியவரும். 'லேயர்' என்பது அடுக்கு. 1994-இல் போட்டோஷாப்பில் வந்தது. மூலப்படம் அடியில் அப்படியே கிடக்கும். திருத்தங்கள் மேலே கண்ணாடித் தாள் போலத் தனித்தனியாக இருக்கும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். 'குளோன்' என்பது ஓரிடத்துப் புள்ளிகளை எடுத்து இன்னோரிடத்தில் பதிப்பது. 2002-இல் வந்த 'ஹீலிங் பிரஷ்' அதையே சுற்றுப்புற நிறத்தோடு கலந்து செய்யும். பூஞ்சைப் புள்ளிக்கு அது நல்ல மருந்து. தண்டட்டிக்கு எமன்.

நிறம் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கலர் லேப்களில் நிறத்தை ஒத்துப்பார்க்க 'ஷெர்லி கார்டு' என்று ஒன்றைக் கோடாக் அனுப்பிவந்தது. 1950-கள் தொடங்கி நெடுங்காலம் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் மைப்பூச்சாகப் போனதில் நம் தோலின் குற்றம் எதுவும் இல்லை. கேமராவின் ஒளியளவுமானியும் அப்படித்தான்; எதிரே இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். பனி மூட்டத்தில் நின்றால் "அய்யோ, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும், முகம் கருகும். 1993-இல் தேர்தல் ஆணையம் புகைப்பட அடையாள அட்டைக்கு ஆணையிட்ட பிறகு வந்த ஓட்டு கார்டுகளில் நம் ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இதற்கு மருந்து 'எக்ஸ்போஷர்', அதாவது ஒளியேற்பைக் கொஞ்சம் கூட்டுவது. 'பேர்னஸ்' கூட்டுவது அல்ல. இவ்விரண்டையும் கடைக்காரர் ஒன்றாக நினைப்பார். நாமும் வாய்மூடி இருந்தால் அவர்மேல் தப்பில்லை.

வீட்டில் பழைய படம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். சட்டக் கண்ணாடியோடு படம் ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், மாட்டெலும்பு தோலிலிருந்து எடுக்கும் பசை. ஈரத்தில் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும், பூஞ்சைக்கும் அதுவே சாப்பாடு. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணலாம். அடுத்து, ஸ்கேன் செய்ததை 'டிப்' கோப்பாக ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். 1992-இல் வந்த 'ஜேபெக்' முறை, கண்ணுக்குத் தெரியாது என்று நினைக்கும் விவரத்தைக் கழித்துக் கோப்பைச் சுருக்கும். திருத்தித் திருத்திச் சேமிக்க ஒவ்வொரு தடவையும் இன்னும் கழியும். வாட்ஸப்பில் போய்வந்த படம் மூலப்படம் ஆகாது. இப்போது செல்போன் செயலிகளே, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, பழைய முகத்தை ஒரு நிமிஷத்தில் புதுசாக்கித் தருகின்றன. சேதமான இடத்தில் லட்சக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்றதை வைத்து நிரப்புகின்றன. அந்த லட்சத்தில் தண்டட்டி போட்ட கிழவிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

2006-இல் கெட்டது பிரதிதான். மூலம் எங்களிடமே இருந்தது. போன வருஷம் என் தம்பி மகன் அதைக் கண்ணாடியோடு வைத்து 1200-இல் ஸ்கேன் செய்தான். மூலத்தைத் தொடாமல் மேலே அடுக்குப் போட்டு, பூஞ்சையை ஒவ்வொரு புள்ளியாக எடுத்தான். கன்னத்தில் கொஞ்சம் ஒளிதடுப்பு, சேலைக்கரையில் கொஞ்சம் ஒளியூட்டு. இரண்டு நாள் வேலை. ஒரே ஓர் இடத்தில் நின்றுவிட்டான். இடது காதுக்குக் கீழே வெள்ளையாக ஒரு சின்னக் கோடு.

"பெரியப்பா, இது பூஞ்சையா, நகையா?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனை பெரிதாக்கினாலும் புள்ளிதான் தெரிந்தது. உள்ளே படுத்திருந்த அத்தையை எழுப்பிக் கூட்டிவந்தோம். எண்பது வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"அதைத் தொடாதடா. மினுக்கம் அது. படம் புடிக்கப் போறோம்னு எங்காத்தா அன்னைக்குக் காலையில புளி போட்டு வெளக்குச்சு."